காப்பதற்காக வைத்த பை: பழைய போர் ஜெட்டில் அந்நியப் பொருள் தேடும் வேலை

2012 மே 28 அன்று இங்கிலாந்தின் டான்காஸ்டர் விமான நிலையத்தில் ஒரு வல்கன் குண்டுவீச்சு விமானம் பயிற்சிக்காகப் புறப்பட்டது. உலகில் பறக்கும் நிலையில் மிஞ்சியிருந்த ஒரே வல்கன் அது. தரையை விட்டு எழும்பும் முன்பே இடது பக்கத்து இன்ஜின்கள் இரண்டும் பாழாகிவிட்டன. விமானிகளுக்கு ஒரு காயமும் இல்லை. ஆனால் இரண்டு இன்ஜின்களையும் இனி ஓட்டவே முடியாது.

காரணம் என்னவென்று பார்த்தார்கள். விமானத்துக்கு 52 வயது. உலோகம் களைத்துப்போயிருக்கலாம், ஏதாவது பழைய பாகம் முறிந்திருக்கலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். உண்மையான காரணம் சிலிக்கா ஜெல் பைகள். புதுச் செருப்பு வாங்கினால் டப்பாவுக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டலம் கிடக்குமே, அதே ஈரம் உறிஞ்சிதான், கொஞ்சம் பெரிய பையில். விமானம் நிற்கும் நாட்களில் இன்ஜினுக்குள் ஈரம் ஏறித் துருப்பிடிக்காமல் இருக்க, காற்று நுழையும் பாதையில் அவற்றை வைத்திருந்தார்கள். எடுக்க மறந்துவிட்டார்கள். ஓர் இன்ஜின் அவற்றை உறிஞ்சி உடைந்தது. அதன் சிதறல்களை உறிஞ்சிப் பக்கத்து இன்ஜினும் உடைந்தது. விமானத்தைப் பராமரித்த அறக்கட்டளையே இதை ஒளிக்காமல் வெளியில் சொன்னது. அதற்காக அவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு.

எக்ஸ்ஹெச்558 என்ற எண் கொண்ட இந்த விமானம் 1960இல் பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தது. 1993இல் விற்கப்பட்டு, லெஸ்டர்ஷயரில் உள்ள பிரன்டிங்தார்ப் என்ற பழைய விமானத் தளத்துக்கு வந்து நின்றது. மறுபடி பறக்க வைக்க ராபர்ட் பிளெமிங் தலைமையில் ஓர் அறக்கட்டளை கிளம்பியது. 2004இல் பாரம்பரிய லாட்டரி நிதியிலிருந்து 27 லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அதற்கு மேல் பொதுமக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். 2005இல் அக்குவேறு ஆணிவேறாகப் பிரிக்கத் தொடங்கி, 2007 அக்டோபர் 18 அன்று மீண்டும் வானில் ஏற்றினார்கள். அத்தனை பேரின் அத்தனை ஆண்டு உழைப்பைப் பாதியில் நிறுத்த, சில துணிப்பைகள் போதுமானதாக இருந்தன.

இப்படி இருக்கக் கூடாத இடத்தில் இருந்து கெடுதல் செய்யும் பொருளை விமானத் துறையில் 'ஃபாட்' என்பார்கள். பிரிட்டிஷ் விமானப் படையில், குறிப்பாக விமானத்துக்குள்ளேயே விட்டுப்போன பொருளுக்கு 'லூஸ் ஆர்ட்டிகிள்' என்று பெயர். ஓடுதளத்தில் கிடக்கும் பொருளைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும். 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் கான்கார்டு விழுந்து 113 பேர் இறந்தது, வேறொரு விமானத்திலிருந்து கழன்று விழுந்த உலோகப் பட்டை ஒன்று டயரைக் கிழித்ததில் தொடங்கியது. பழைய போர் விமானத்தைச் சீரமைப்பவர்களுக்கு ஓடுதளத்தைவிடப் பெரிய கவலை விமானத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது.

ஒரு துணிப்பை எப்படி உலோகத்தை உடைக்கும்? வல்கனின் ஒலிம்பஸ் இன்ஜின் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7.7 டன் விசையோடு விமானத்தைத் தள்ளும். அதற்காக முன்புறத்தில் கம்ப்ரஸர் காற்றை இழுத்து, வரிசை வரிசையாக அமைந்த பிளேடுகளால் நெருக்கிப் பின்னால் தள்ளுகிறது. சுழலும் ஒரு வரிசை, அசையாத ஒரு வரிசை, மறுபடி சுழலும் வரிசை. நடுவில் இடைவெளி மிகக் குறைவு. காற்று சீராக வரும்வரை எல்லாம் நலம். வழியில் ஒரு பை அடைத்தால் ஒரு பக்கம் காற்று வருகிறது, ஒரு பக்கம் வரவில்லை. பிளேடுகள் அந்த ஏற்றத்தாழ்வில் அதிர்கின்றன. ஒன்று முறிந்தால் போதும், முறிந்த அந்தத் துண்டே பின்வரிசைக்கு அந்நியப் பொருள் ஆகிவிடும். அது அடுத்ததை உடைக்கும், அந்தத் துண்டுகள் அதற்கடுத்ததை. காற்று குறைந்தும் எரிபொருள் குறையாமல் பாய்ந்துகொண்டிருந்தால், பின்னாலிருக்கும் டர்பைன் தாங்க முடியாத சூட்டில் வேகும்.

வல்கனின் அமைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பக்கத்து இரண்டு இன்ஜின்களுக்கும் இறக்கையின் முன்விளிம்பில் ஒரே வாய்தான். உள்ளே போன பிறகே காற்று இரண்டாகப் பிரிகிறது. ஓர் இன்ஜின் குமுறித் துப்பினால், பக்கத்தில் இருப்பது அதை உறிஞ்சிக்கொள்ளும். நான்கில் ஒன்று போவதற்குப் பதிலாக நான்கில் இரண்டு போனது இதனால்தான்.

எல்லா ஜெட்டும் ஒரே அளவுக்கு நோஞ்சான் இல்லை. வேம்பயர், மீட்டியர் போன்ற முதல் தலைமுறை பிரிட்டிஷ் ஜெட்களில் கம்ப்ரஸர் ஒரே கெட்டியான சக்கரமாக இருக்கும். சின்னக் கல்லோ ரிவெட் தலையோ போனால் ஓரளவு தாங்கும். அடுத்து வந்த மெல்லிய பிளேடு வரிசைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை. சோவியத் வடிவமைப்பாளர்கள் இதை முன்கூட்டியே யோசித்தார்கள். மிக்-29 தரையில் ஓடும்போது முன்வாய்கள் மூடிக்கொள்ளும், காற்று மேல்பக்கத் துளைகள் வழியாகப் போகும்.

புது விமானமானால் கெட்ட இன்ஜினைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பூட்டலாம், செலவோடு போகும். வல்கனின் ஒலிம்பஸ் 202 இன்ஜினை இன்று யாரும் செய்வதில்லை. அறக்கட்டளையிடம் முன்பே சேமித்து வைத்திருந்த, பூட்டத் தயாரான இன்ஜின்கள் சில இருந்தன. அவைதான் கையிருப்பு, அவை தீர்ந்தால் தீர்ந்ததுதான். 2012இல் அந்தக் கையிருப்பிலிருந்து இரண்டை எடுத்துப் பூட்டி, ஜூலை தொடக்கத்தில் வல்கனை மறுபடி பறக்க வைத்தார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தைப் பராமரிப்பது வேறு, நின்றுபோன விமானத்தை எழுப்புவது வேறு. பராமரிப்பில் ஒரு பேனலைத் திறப்பார்கள், ஒரு பாகத்தை மாற்றுவார்கள், மூடுவார்கள். அந்த இடத்தை மட்டும் பார்த்தால் போதும். சீரமைப்பில் விமானம் முழுக்கத் திறந்து கிடக்கும். ஆயிரக்கணக்கான திருகுகள் வெளியே வரும், ரிவெட்டுகள் துளையிட்டு எடுக்கப்படும். ஒவ்வொரு துளையும் அலுமினியப் பிசிறைச் சிந்தும். அது பெரும்பாலும் கீழே விழாமல், கண்ணுக்குத் தெரியாத ஏதாவது மடிப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பழைய கைகள் விட்டுச் சென்றதும் அங்கேயே இருக்கும். முப்பது நாற்பது ஆண்டு பணியில் எத்தனை மெக்கானிக்குகள் ஏறி இறங்கியிருப்பார்கள்! நழுவிய வாஷர், நறுக்கி விழுந்த கம்பித் துண்டு, ஒரு பென்சில். பென்சில் என்றதும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அதன் கரி அலுமினியத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும், அதனால் விமான உடலில் பென்சிலால் கோடு போடவே கூடாது என்பது விதி. அருங்காட்சியகத்தில் நின்ற விமானமானால் கதை இன்னும் நீளும். பார்வையாளர்கள் ஏறி உட்கார்ந்த காக்பிட்டில் சில்லறைக் காசும் மிட்டாய்க் காகிதமும் சேரும். வெட்டவெளியில் நின்றதென்றால் பறவைக் கூடு, காய்ந்த இலை, எலி இழுத்து வந்த நார், காற்றழுத்தம் அளக்கும் குழாய்க்குள் குளவி கட்டிய மண்.

இவற்றை எப்படித் தேடுவது? வீட்டில் மூக்குத்தித் திருகு தொலைந்துபோனால் பாட்டிமார் என்ன செய்வார்கள்? யாரையும் நடக்க விடமாட்டார்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடிப்பார்கள். நேர் மேலேயிருந்து வெளிச்சம் அடித்தால் தெரியாத சின்னப் பொருள், பக்கவாட்டு வெளிச்சத்தில் நீண்ட நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். விமானம் நிறுத்தும் கொட்டகையான ஹேங்கரிலும் இதே உத்திதான். நீண்ட கைப்பிடியில் பொருத்திய சிறு கண்ணாடி, வளையும் குழாயின் நுனியில் கேமரா வைத்த போர்ஸ்கோப், குறுகிய வாய் கொண்ட வேக்யூம் எல்லாம் அதற்குத் துணை. காந்தத்தையும் நீட்டிப் பார்ப்பார்கள். ஆனால் காந்தம் பாதித் துணைதான். விமானத்தில் அதிகம் இருப்பது அலுமினியம், அதைக் காந்தம் தொடாது. டைட்டானியத்தையும் தொடாது. காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை என்றால் இரும்பு இல்லை என்றுதான் பொருள். சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

காக்பிட்டில் தேடுவது தனி வேலை. சீட்டை வெளியே எடுக்காமல் அங்கே தேடியதாகச் சொல்லவே முடியாது. சீட்டுக்கடியில்தான் கட்டுப்பாட்டுக் கம்பிகளும் நெம்புகோல்களும் ஓடுகின்றன. அங்கே ஒரு போல்ட் கிடந்தால் விமானம் நேராகப் பறக்கும்வரை அது அமைதியாகத்தான் கிடக்கும். தலைகீழாகத் திருப்பியதும் எழும்பி மிதக்கும். நிமிர்ந்ததும் வேறெங்கோ போய் விழும். அந்த 'வேறெங்கோ' ஒரு நெம்புகோலின் மூட்டாக இருந்தால் விமானியால் கைப்பிடியை நகர்த்த முடியாது. சாகசப் பறத்தலுக்கு முன் பிரிட்டிஷ் விமானிகள் மனப்பாடமாகச் சொல்லும் சரிபார்ப்பில், கட்டாமல் கிடக்கும் பொருள் ஏதாவது உண்டா என்பதும் ஒன்று. இது பழைய விமானத்துக்கு மட்டுமான பிரச்சினை என்றும் நினைத்துவிட வேண்டாம். 2014 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் விமானப் படையின் வாயேஜர் விமானம் 198 பேரோடு ஆப்கானிஸ்தான் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. விமானி தன் கேமராவைக் கை வைக்கும் பலகைக்கும் கட்டுப்பாட்டுக் கோலுக்கும் நடுவில் வைத்திருந்தார். அவர் சீட்டை முன்னால் நகர்த்தியதும் கேமரா கோலை முன்னே தள்ளியது. விமானம் அரை நிமிடத்துக்குள் 4,400 அடி விழுந்தது. எப்படியோ சமாளித்து இறக்கிவிட்டார்கள்.

வாயேஜரில் இருந்த கேமராவை யாரும் தவறவிடவில்லை. ஒருவர் கையால் எடுத்து வைத்தது. வல்கனில் இருந்த பைகளும் அப்படித்தான். இந்த விஷயத்தில் நான் படித்ததையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, விழுந்த பொருளைவிட வைத்த பொருளே ஆபத்தானது என்றுதான் எனக்குப் படுகிறது. கையிலிருந்து ஸ்பேனர் நழுவினால் சத்தம் கேட்கும், மனம் பதறும், தேடுவோம். நாமே கவனமாக வைத்த ஒன்று மனத்தில் அந்த இடத்துக்கு உரியதாகப் பதிந்துபோகிறது. அடுத்து வருபவர் கண்ணுக்கும் அது 'சரியான இடத்தில் இருக்கிற ஏதோ ஒன்று' என்றே தெரியும். அதிலும் காப்பதற்காக வைத்த பொருள் என்றால் சந்தேகமே எழாது.

சான்றுகள் மனதை வலிக்கச் செய்பவை. 1996 அக்டோபர் 2 அன்று ஏரோபெரு நிறுவனத்தின் போயிங் 757 லிமாவிலிருந்து கிளம்பியது. அதற்கு முன் விமானத்தைக் கழுவியபோது, தண்ணீர் போகாமலிருக்கக் காற்றழுத்தம் அளக்கும் துளைகள் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். உரிக்க மறந்துவிட்டார்கள். உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் பொய் சொல்ல, இருட்டில் கடலுக்கு மேல் தடுமாறிய விமானம் விழுந்து 70 பேரும் இறந்தார்கள். 2021 நவம்பர் 17 அன்று மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ஓர் எஃப்-35பி போர் விமானம் எழும்ப முயன்று கடலில் விழுந்தது. விமானி வெளியே குதித்துத் தப்பினார். இன்ஜின் வாய்க்குள் தூசி போகாமலிருக்கச் செருகும் அடைப்பு ஒன்று உள்ளே நழுவிப்போய், யார் கண்ணிலும் படாமல் இருந்துவிட்டது என்று விசாரணை கண்டறிந்தது. சிலிக்கா ஜெல், டேப், அடைப்பு. மூன்றுமே விமானத்தின் நலத்துக்காக வைக்கப்பட்டவை.

ஆகவே அனுபவமுள்ள சீரமைப்புக் குழுக்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை, கணக்கு வைக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு எடுத்தவர்களுக்கு இது புரியும். கடைக்காரர் அண்டா இத்தனை, கரண்டி இத்தனை என்று எண்ணி எழுதித் தருவார். விருந்து முடிந்ததும் எண்ணி வாங்குவார். ஒரு கரண்டி குறைந்தால் வண்டி நகராது. ஹேங்கரில் கருவிகளுக்கான பலகையில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் அதன் உருவத்திலேயே நிழல் வரைந்திருக்கும். கருவியை எடுப்பவர் தன் எண் பொறித்த வில்லையை அங்கே மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். மாலையில் பலகையில் வெறும் நிழல் தெரிந்தால், அந்தக் கருவி எங்கே என்று தெரியும்வரை விமானம் நகராது. கருவி கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அது விமானத்துக்குள் இல்லை என்பது உறுதியாக வேண்டும். பல பேனல்களை மறுபடி கழற்ற வேண்டி வந்தாலும் விதி அதுதான்.

கருவியை எண்ணுவது எளிது. எண்ணச் சிரமமானவை சில்லறைச் சாமான்கள். பத்துத் திருகு எடுத்துப்போனால், பூட்டியது எத்தனை, திரும்பியது எத்தனை என்று கூட்டினால் பத்து வர வேண்டும். எண்ணெய் துடைக்கும் துணியையும் எண்ண வேண்டும். அந்தத் துணியை இரண்டாகக் கிழிக்கக் கூடாது. கிழித்தால் ஒன்று இரண்டாகும். ஒன்று வெளியே வந்ததும் கணக்குச் சரியாகிவிட்டது போலத் தோன்றும், மற்றது உள்ளேயே இருக்கும். போல்ட் கழலாமல் பூட்டும் லாக்கிங் வயரை முறுக்கி முடித்து நுனியை நறுக்கும்போது, நறுக்கப்படும் துண்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேதான் நறுக்க வேண்டும். அரை அங்குலக் கம்பிதான். தெறித்துப்போனால் அது எந்த மின்பெட்டிக்குள் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

இந்த ஒழுங்கு தன்னார்வலர்கள் அதிகமாக உள்ள இடத்தில் இன்னும் கடினம். பழைய ஜெட்களைச் சீரமைப்பவர்களில் பலர் ஓய்வுபெற்ற விமானப் படை மெக்கானிக்குகள், வார இறுதியில் அன்புக்காக வந்து வேலை செய்பவர்கள். சனிக்கிழமை ஒருவர் பாதியில் விட்டுப்போன வேலையை இரண்டு வாரம் கழித்து வேறொருவர் தொடுவார். நடுவில் நடந்தது எதையும் ஞாபகத்தில் வைத்துச் சமாளிக்க முடியாது. 'பைகள் வைக்கப்பட்டன' என்று நோட்டில் எழுதினால் அது பாதி வேலை. எத்தனை பை, எந்த இடத்தில், யார் வைத்தார், எடுத்த பின் யார் கையெழுத்து போட்டார் என்பதெல்லாம் இருந்தால்தான் அந்த வரியை மூட முடியும். பைகளை ஒரே நீளக் கயிற்றில் கோத்து, அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டி வாய்க்கு வெளியே தொங்கவிட்டால் இன்னும் நல்லது. பைக்குக் குரல் இல்லை, அந்தச் சிவப்புத் துணிதான் அதற்காகக் கூப்பிட வேண்டும்.

இதெல்லாம் பழைய விமானங்களை நேசிப்பவர்கள் மிகையாகச் செய்வது என்று யாராவது சொன்னால், 2023 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்ததைச் சொல்வேன். புத்தம் புதிய தொழில்நுட்பம் கொண்ட எஃப்-35 ஒன்றின் இன்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்க்கும்போது அது ஒரு கை டார்ச்சை உறிஞ்சிக்கொண்டது. சேதம் ஏறத்தாழ 40 லட்சம் டாலர். விமானத்தில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கத்தான் டார்ச் பிடிக்கிறோம் என்பதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

வல்கன் அதற்குப் பிறகு மூன்று ஆண்டுக்கு மேல் பறந்தது. தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த நிறுவனங்கள் விலகிக்கொள்ளவே, 2015 அக்டோபர் 28 அன்று கடைசியாகப் பறந்து இறங்கியது. அந்த விமானத்தின் காற்றுவாய் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குப் பெரியது. இப்படிப்பட்ட விமானத்தில் இன்ஜினைக் கிளப்பும் முன், ஒருவர் மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றி, சட்டைப் பைகளைக் காலி செய்து, வெளியே நிற்பவரிடம் ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு உள்ளே போவார். டார்ச் ஒன்று, கண்ணாடி ஒன்று என்று வெளியே நிற்பவர் குறித்துக்கொள்வார். உள்ளே போனவர் முழங்கையால் ஊர்ந்து கம்ப்ரஸர் முகப்பு வரை போய், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, கையாலும் தடவிப் பார்த்துவிட்டுப் பின்னோக்கியே ஊர்ந்து வருவார். இறங்கியதும் முதல் வேலை, டார்ச்சையும் கண்ணாடியையும் நீட்டுவது. வெளியே நின்றவர் தான் குறித்ததைப் பார்த்து இரண்டையும் எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவார்.